லயத்து வீட்டிலும் ஓர் ஒலிப்பதிவுக்கூடம்

1877ஆம் ஆண்டு நம் தோட்டப் பாட்டாளிகள் இரு காரணங்களுக்காக நினைவிற்கொள்ளத்தக்க ஆண்டாகும். அவ்வாண்டில்தான் நமது பேரா மாநிலத்தின் கோலகங்சாரில் பால்மரக் கன்றுகள் நடப்பட்டன. அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன் மனிதக் குரலைப் பதிந்து, மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை உலகிற்குக் காட்டினார். இவ்விரண்டிற்கும் ஒரு தொடர்பும் உண்டு. எமில் பெர்லினர் என்பார் 1890களில் வெளியிட்ட தொடக்ககால இசைத்தட்டுகள் கெட்டிப்படுத்தப்பட்ட ரப்பரால் ஆனவை. அரக்குத் தட்டு அதற்குப் பின்னரே வந்தது. அந்த ரப்பர் நம் மரங்களில் வடிந்த பாலன்று. மலாயாவின் தோட்டங்கள் அப்போது பெருகவில்லை. ஆயினும், பாட்டைச் சுமந்து சென்ற முதற் பொருள்களுள் ரப்பரும் ஒன்று என்பது நாம் மகிழத்தக்க செய்தியேயாகும்.

இவ்வாறு பிறந்த ஒலிப்பதிவுக் கலை, நெடுங்காலம் பணம் படைத்தோர் கையிலேயே இருந்தது. பாடல் பதிவு செய்ய விரும்பிய ஒருவர் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ செல்ல வேண்டும். கூடத்திற்கு மணிக்கணக்கில் வாடகை செலுத்த வேண்டும். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த ஒலிநாடா, அதாவது கேசட், இந்நிலையைச் சிறிது மாற்றியது. தோட்டங்களில் திருமண வாழ்த்தும் குழந்தையின் மழலையும் அதில் பதிவாயின. ஆயினும் பதிந்ததைத் திருத்தவோ, ஒரு குரலின்மேல் மற்றொரு குரலைச் சேர்க்கவோ வீட்டுக் கருவியால் இயலவில்லை. இன்று அதனைச் செய்வது மடிக்கணினி. பிள்ளைகளின் படிப்பிற்காக வாங்கிய கணினி பல இல்லங்களில் ஏற்கெனவே இருக்கின்றது. அதனைக் கொண்டு குறைந்த செலவில் வீட்டிலேயே ஓர் ஒலிப்பதிவுக்கூடம் அமைப்பது எங்ஙனம் என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

வீட்டில் பதிந்த பாட்டு வெளியே எடுபடுமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். ஏ. ஆர். ரகுமான் 1989இல் சென்னையில் தம் வீட்டின் பின்புறத்தில்தான் பஞ்சதன் என்னும் கூடத்தை அமைத்தார். 1992இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் இசை அங்கு உருவாயிற்று. அக்கூடம் மலிவானதன்று என்பது வேறு. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 2019இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அவர்தம் தமையனாரின் படுக்கையறையில் பதிவு செய்யப்பட்டதாகும். 2020இல் கிராமி விருதளிப்பில் ஆண்டின் சிறந்த தொகுப்பாக அது தேர்வு பெற்றது. நம் நாட்டில், யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' 2006இல் வெளிவந்து தமிழ்நாட்டிலும் கேட்கப்பட்ட நாள்முதல், பாட்டெழுதிப் பாட வேண்டும் என்னும் ஆர்வம் நம் இளைஞரிடையே குறைந்தபாடில்லை.

இளைஞரின் ஆர்வம் ஒருபுறம் இருக்கட்டும். நம்மை இப்பொருள்பற்றி எழுதத் தூண்டியது மற்றொன்று. பேராவில் பால்மரக் காடுகளாயிருந்த பல தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், கம்பார், தெலுக் இந்தான் எனப் பிரிந்து குடியேறிவிட்டனர். கப்பலேறி வந்த கதையும், பெரட்டுக் களத்துத் துயரமும், கங்காணியைப் பற்றிய கேலியும், நிரை பிடித்து மரம் சீவியபோது முணுமுணுத்த மெட்டும், பிள்ளையைத் தூங்கவைத்த தாலாட்டும் ஏட்டில் எழுதப்பட்டவை அல்ல. அவை நம் பாட்டிமார்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கின்றன. சொற்களை எழுதி வைத்தாலும் மெட்டு எழுத்தில் அடங்காது. எனவே, வீட்டில் ஒரு கூடம் அமைப்பவர் முதலில் பதிய வேண்டிய குரல் எது என்று நம்மைக் கேட்டால், அந்த வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருக்கும் மூத்தவரின் குரலே என்போம்.

1933இல் அமெரிக்காவில் ஜான் லோமாக்ஸ் என்பவரும் அவர் மகன் ஆலனும் நாட்டுப்பாடல்களைத் தேடிச் சென்றபோது, 315 பவுண்டு எடையுள்ள பதிவுக் கருவியை மோட்டார் வண்டியின் பின்புறத்தில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. மதுரைப் பேராசிரியை விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம் கணவருடன் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் திரட்டிய பாடல்களுக்காகப் பெயர்பெற்று, 2018இல் பத்மஸ்ரீ விருதும் அடைந்தார். அவர்களைப்போல் ஊர் ஊராக அலைய நமக்கு நேரம் வாய்க்காது. பாட்டியார் நம் வீட்டு அஞ்சடியிலேயே அமர்ந்திருக்கின்றார். கருவியோ இரண்டு கிலோ எடைகூட இல்லை.

எவ்வளவு பணம் வேண்டும்?

முதலில் ஒன்றைத் திட்டமாகக் கூறிவிடுகின்றோம். இப்பணிக்காகத் தவணைக்கடன் எடுக்க வேண்டாம். கடைகளிலும் இணையத்திலும் 'ஸ்டூடியோ செட்' எனக் கட்டுக்கட்டாக விற்கப்படுவனவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை தொடக்கத்தில் தேவைப்படாதவை. வண்ண விளக்கொளி வீசும் பெட்டிகளும், கைதட்டும் ஓசையும் சிரிப்போசையும் எழுப்பும் பொத்தான்களும் நேரலையில் பேசுவோருக்கு உரியன. பாட்டுப் பதிவிற்கு அவற்றால் பயனில்லை.

மடிக்கணினி புதிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. 8 கிகாபைட் நினைவகமும், சுழலும் தட்டிற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகமும் உள்ள பழைய கணினி ஒன்று போதும். ஈப்போவில் யிக் பூங் வளாகம் போன்ற இடங்களில், பயன்படுத்திய கணினிகள் ஏறத்தாழ ஆயிரம் வெள்ளிக்குக் கிடைக்கின்றன. வாங்குமுன் அதனைக் கால்மணி நேரம் ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். உள்விசிறி இரைந்தால் அந்த இரைச்சல் பாட்டிலும் விழும்.

கணினியில் உள்ள சிறு ஒலிவாங்கி உரையாடலுக்குத்தான் ஏற்றது. ஆகவே தனி மைக் ஒன்று வேண்டும். அதன் மெல்லிய மின்குறியைப் பெருக்கி, கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும் சிறுபெட்டி ஒன்றும் வேண்டும். அதனைக் கடைக்காரர்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பர். எளிய வகைப் பெட்டி இருநூறு முதல் முந்நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். நல்ல பெயருள்ளவை ஐந்நூறு, அறுநூறு வெள்ளி ஆகும். மலிவான மைக் ஏறத்தாழ நூறு வெள்ளி. காதை முழுதும் மூடும் ஹெட்போனுக்கு மேலும் நூறு வெள்ளியும், தாங்கிக்கும் கம்பிவடத்திற்கும் ஐம்பது, அறுபது வெள்ளியும் ஒதுக்குக. கணினி நீங்கலாக ஐந்நூறு வெள்ளியை ஒட்டி இது முடிந்துவிடுகின்றது. 2025இல் நடப்பிற்கு வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்ச ஊதியத்தோடு ஒப்பிட்டால், மாத வருவாயில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவுதான். ஆயினும் அத்தொகை ஒரு குடும்பத்திற்குச் சிறியதன்று. எனவே மூன்று, நான்கு இளைஞர்கள் கூடி வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வது நலம். கணினியிலேயே நேரடியாகச் செருகும் யூ.எஸ்.பி. மைக்கும் உண்டு. ஒரு குரலை மட்டும் பதிவதாயின் அதுவே போதும். பின்னர் மிருதங்கமோ உறுமியோ சேர்க்கும் எண்ணமிருந்தால் பெட்டியையே வாங்குக.

மைக் வாங்குமுன் அதன் வகையை அறிந்துகொள்ளல் வேண்டும். கண்டென்சர் என்னும் வகை, ஊசி விழும் ஓசையையும் பிடிக்கும் கூர்மை உடையது. அதற்கு 48 வோல்ட் மின்சாரத்தைப் பெட்டி வழங்க வேண்டும். டைனமிக் என்னும் வகை சற்று மந்தமானது. அருகில் பாடுவதை மட்டும் நன்கு ஏற்று, தொலைவில் உள்ளதைப் பெரிதும் விட்டுவிடும். இணையத்தில் அறிவுரை கூறுவோர் பலரும் கண்டென்சரையே புகழ்வர். அவர்கள் அமைதியான அறையில் இருந்து பேசுகின்றனர். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும், சேவலும், மோட்டார் சைக்கிளும் சூழ்ந்த நம் வீடுகளுக்கு டைனமிக் வகையே முதலில் ஏற்றது என்பது நம் கருத்து. இவ்வகையில் 1966 முதல் உலக மேடைகளில் வழங்கி வரும் ஷூர் எஸ்.எம். 58 புகழ்பெற்றது. அதனாலேயே அதற்குப் போலிகள் மிகுதி. பாசார் மாலாமில் நம்பவொண்ணா விலைக்கு அது கிடைத்தால், அது ஷூர் அன்று என்றே கொள்க.

இவை யாவும் கைகூடும்வரை சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. கைப்பேசியிலேயே தொடங்கலாம். நல்ல அறையில் கைப்பேசியால் பதிந்த குரல், எதிரொலிக்கும் அறையில் விலையுயர்ந்த மைக்கால் பதிந்த குரலைக் காட்டிலும் இனிமையாக இருக்கும். இதனை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு.

அறையே முதற் கருவி

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் விரைவில் செல்கின்றது. பாடுபவரின் வாயிலிருந்து புறப்படும் ஒலியில் ஒரு பகுதி நேராக மைக்கை அடைகின்றது. எஞ்சியது சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பி, கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த காலந்தாழ்ந்து வந்து சேர்கின்றது. நம் காது இவ்விரண்டையும் ஒன்றெனக் கேட்கும். மைக்கோ இரண்டையும் அப்படியே பதிந்துவிடும். வீட்டில் பதிந்த பாட்டு குளியலறையில் பாடியதுபோல் கேட்பதன் காரணம் இதுவே. பதிவிற்குப் பின் கணினியில் எதிரொலியைக் கூட்டுவது எளிது. ஏற்கெனவே கலந்துவிட்ட எதிரொலியைப் பிரித்தெடுப்பதோ பாலில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது போன்றது.

பழைய லயத்துப் பலகை வீட்டில் வாழ்ந்தோர்க்கு ஒரு செய்தி வியப்பளிக்கும். மெல்லிய பலகைச் சுவர் தாழ்ந்த ஒலிகளைத் திருப்பி அனுப்பாமல் வெளியே விட்டுவிடுகின்றது. ஆதலால் அவ்வறையில் முழக்கம் குறைவு. இன்றைய மலிவு விலை வீட்டின் செங்கல் சுவரும் ஓடு பதித்த தரையும் ஒலியை உள்ளேயே சுழற்றுகின்றன. எனினும் பலகை வீட்டில் வெளியோசை தடையின்றி உள்ளே வரும். ஒன்றில் எதிரொலி பகை, மற்றொன்றில் அயலோசை பகை. இவ்விரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்க முடியாது என்பதைப் பலர் அறியார்.

எதிரொலிக்கு மருந்து, ஒலியை உறிஞ்சும் தடித்த, நுண்துளைகள் நிறைந்த பொருளாகும். அதனுள் புகும் ஒலி, இழைகளிடையே உராய்ந்து சிறு வெப்பமாக மாறி அடங்குகின்றது. இதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. நம் வீடுகளில் உள்ள இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் பழைய கம்பளியும் இதற்கு மிக உகந்தவை. மெத்தை ஒன்றைப் பாடுபவரின் முதுகுப்புறம் நிமிர்த்தி வையுங்கள். மைக் பெரும்பாலும் தன் முகத்திற்கு எதிரே உள்ளதையே கேட்பதால், பாடுபவருக்குப் பின்னால் உள்ள சுவரே முதலில் மூடப்பட வேண்டிய சுவராகும். இரு பக்கங்களிலும் துணி உலர்த்தும் கொடியில் கம்பளியை இரட்டையாக மடித்துத் தொங்கவிடுக. தரையில் பாயின்மேல் ஒரு விரிப்பு. துணிகள் நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்துவைத்து, அதற்கு முதுகு காட்டி அமர்ந்து பாடுவதும் நல்ல முறையே. பிறகு ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். 'டங்' என்னும் உலோக ஒலி நீங்கி, தட்டிய ஓசை உடனே அற்றுப்போனால் அறை ஆயத்தமாயிற்று.

முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். அதனால் ஒலி அடங்கும் என்று தலைமுறையாக நம்பி வருகின்றோம். மெல்லிய அட்டை மிக உயர்ந்த ஒலிகளைச் சிறிது குறைக்கும், அவ்வளவே. வெளியோசையை அது சற்றும் தடுப்பதில்லை. மேலும், காய்ந்த அட்டை விரைவில் தீப்பற்றக்கூடியது. பலகை வீட்டுச் சுவரில் அதனை ஒட்டுவது பெரும் ஆபத்து.

வெளியோசையைத் தடுப்பதற்குக் கனமான சுவரும் காற்றுப் புகா அடைப்பும் தேவை. அது நம் செலவிற்கு அப்பாற்பட்டது. எனவே ஓசையைத் தடுப்பதற்கு மாறாக, ஓசை அடங்கும் நேரத்தைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை. வைகறையில் மரம் சீவச் செல்பவருக்கு நண்பகலில்தான் ஓய்வு. ஆனால் பேராவில் பிற்பகல் இடியும் மழையும் வரும் நேரம். தகரக் கூரையில் மழை விழும்போது எந்த மைக்காலும் பயனில்லை. விடுமுறைக்கு முந்திய இரவு, ஒன்பது மணிக்குமேல் பதினொன்றுவரை பெரும்பாலான இடங்களில் நல்ல அமைதி கிட்டும். அப்போது விசிறியை நிறுத்துக. நிறுத்த இயலாத வெக்கையாயின் அதனை மைக்கின் பின்புறத்தில், தொலைவில் வைக்க. குளிர்ப்பெட்டியையும் சிறிது நேரம் அணைக்க வேண்டும். அணைத்ததை மறந்துவிட்டால் மறுநாள் மீன் கெட்டுப்போகும். ஆகவே திரைப்பட ஒலிப்பதிவாளர்கள் கையாளும் உத்தி ஒன்றைப் பின்பற்றலாம். வண்டிச் சாவியைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வெளியே புறப்படும்போது அது தானாக நினைவூட்டும்.

மைக்கின் முன் அமர்தல்

டைனமிக் மைக்கிற்கும் வாய்க்கும் நான்கு விரற்கடை முதல் ஒரு சாண் வரை இடைவெளி இருக்கலாம். நெருங்கினால் குரல் தடித்துக் கேட்கும். விலகினால் அறையின் ஓசை மிகும். 'ப', 'ம்ப' போன்ற எழுத்துகளில் வாயிலிருந்து வரும் காற்று மைக்கில் மோதி 'புஸ்' என வெடிக்கும். அதனைத் தடுக்கும் வலையைப் பணங்கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சட்டை மாட்டும் கம்பியை வட்டமாக வளைத்து, பழைய நைலான் காலுறையை அதன்மேல் இழுத்துக் கட்டி, மைக்கிற்கு முன் ஒரு கையகலத் தொலைவில் நிறுத்தினால் போதும். மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, காற்று அதன்மீது நேராகப் படாதபடி செய்வதும் உதவும்.

அடுத்து ஒலி அளவு. பெட்டியில் உள்ள திருகியைப் பாட்டின் மிக உரத்த அடியைப் பாடச் சொல்லி அமைக்க வேண்டும். மெல்லிய அடியைக் கேட்டு அமைப்பதே பலர் செய்யும் பிழை. கணினித் திரையில் தோன்றும் அளவுக்கோல் உரத்த அடியிலும் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். சுழியத்தைத் தொட்டால் ஒலியின் உச்சி வெட்டுண்டு கரகரக்கும். அதனைப் பின்னர் முழுதாகச் சீர்செய்ய இயலாது. குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம்.

பதியும்போது 'ம்ம்' என்னும் தொடர் ஒலி கேட்டால் அஞ்ச வேண்டாம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அவ்வலை மின்னேற்றி வழியாக நுழைந்திருக்கலாம். மின்னேற்றியைக் கழற்றிவிட்டு, கணினியைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்; பெரும்பாலும் ஒலி மறைந்துவிடும். இடி மின்னல் தொடங்குமாயின் பதிவை நிறுத்தி, செருகிகள் யாவற்றையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுதல் கட்டாயமாகும். பொத்தானை அணைப்பது மட்டும் போதாது. மற்றொரு பகை ஈரக்காற்று. மைக்கைப் பயன்படுத்தியபின், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது.

கணினிக்குள் நிகழ்வது

ஒலியைப் பதிந்து திருத்தும் செயலிகளுள் அடாசிட்டி என்பது 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்து வருகின்றது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான அது, பழைய கணினியிலும் இயங்கும். ஒரு குரலைப் பதியவும் வெட்டி ஒட்டவும் அதுவே போதும். பல வாத்தியங்களை அடுக்க விரும்புவோர் பின்னர் ரீப்பர் போன்ற செயலிக்கு மாறலாம். விலைமிக்க செயலிகளைத் திருட்டுத்தனமாக இறக்கிக்கொள்வது சட்டத்திற்குப் புறம்பானது. அத்துடன் அவற்றோடு வரும் கிருமி நிரல்கள் சேமித்ததையெல்லாம் அழித்துவிடக்கூடும்.

செயலியில் 48,000 என்றும் 24 பிட் என்றும் அமைத்துக்கொள்க. நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து எண்ணாக எழுதுக என்பது முதலாவதன் பொருள். மனிதக் காது நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள்வரை கேட்க வல்லது. அதனைத் தவறின்றிப் பிடிக்க இருமடங்கிற்கு மேற்பட்ட அளவீடு வேண்டும். இவ்வாறு ஒற்றை மைக்கால் ஒரு மணி நேரம் பதிந்தால், ஏறத்தாழ அரை கிகாபைட் இடம் பிடிக்கும். 64 கிகாபைட் பென்டிரைவ் ஒன்றில் நூறு மணி நேரத்திற்கு மேற்பட்ட குரலை அடக்கலாம்.

இளைஞர் தம் பாடலைப் பதியும்போது, முதலில் தாளத்தையும் சுருதியையும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு குரலைப் பதிந்து, பின் ஒவ்வொரு வாத்தியமாக அதன்மேல் சேர்ப்பர். காதை மூடிய ஹெட்போன் வேண்டும் என்றது இதற்காகவே; இல்லையேல் தாளத்தின் ஓசை மைக்கில் கசியும். தம் குரல் சற்றுத் தாமதித்துக் காதில் விழுவதாகப் பலர் குறைகூறுவர். கணினி ஒலியை வாங்கிக் கணித்துத் திருப்புவதால் நேரும் தாமதம் அது. பெட்டியிலேயே நேரடியாகக் கேட்கும் பொத்தான் இருந்தால் அதனை அழுத்துக.

பதிவு தொடங்குமுன் முப்பது நொடிகள் யாரும் பேசாமல், அறையின் வெறும் ஓசையை மட்டும் பதிந்துகொள்ள வேண்டும். இரைச்சலைக் குறைக்கும் கட்டளை அதனை மாதிரியாகக் கொண்டே செயற்படுகின்றது. ஆனால் அக்கட்டளையை அளவோடு கையாளுக. மிகுதியானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். எதிரொலி சேர்ப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். நம் இளைஞர் பலர் இதில் தாராளமாக இருக்கின்றனர்.

உறுமியும் மூத்தோரும்

தோட்டத்துக் கோயில்களில் முழங்கும் உறுமி மேளத்தை வீட்டறையில் பதிய முயல வேண்டாம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல் மிகத் தாழ்ந்த ஒலி. சிறிய அறையில் அது மூலைகளில் தேங்கிக் குழம்பும். திறந்த வெளியில், தகரப் பந்தலுக்கு விலகி, குழுவினரை அரைவட்டமாக நிறுத்தி, இரண்டு அல்லது மூன்று மீட்டர் தொலைவில் மைக்கை வைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே பதிந்து ஒட்டுவதைக் காட்டிலும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அடிக்கும்போதுதான் அம்மேளத்தின் உயிர் வெளிப்படுகின்றது. பதிந்ததை ஹெட்போனில் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் உறுமல் ஏறத்தாழ முழுதும் மறைந்துபோகும்.

மூத்தோரைப் பதிவது முற்றிலும் வேறு வகைப்பட்டது. அவருக்கு ஹெட்போன் மாட்ட வேண்டாம். தாள ஒலி வேண்டாம். மெத்தைகளுக்கு நடுவே அமர்த்தி அச்சுறுத்தவும் வேண்டாம். அவர் வழக்கமாக அமரும் இடத்திலேயே, பின்புறம் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு, மைக்கை மார்பளவு உயரத்தில், கண்ணில் படாதபடி வைக்க வேண்டும். மாத்திரை உட்கொண்டு பசியாறியபின் உள்ள காலைநேரம் சிலருக்கு ஏற்றது, சிலருக்கு அந்தி. முதலில் பாடச் சொல்லாமல் பேசச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாம் வயதில் மங்கு கழுவத் தொடங்கினீர்கள், உளி பிடிக்கக் கற்றுத்தந்தவர் யார் எனக் கேட்டால், பேச்சினூடே பாட்டு தானே வரும். ஓர் அடி மறந்து நின்றுவிட்டால் எடுத்துக் கொடுக்க விரைதல் கூடாது. அந்த மௌனத்தையும் பதியவிடுக. மறந்த அடி அடுத்த நாளில் நினைவிற்கு வருவதும் உண்டு. ஒப்பாரியைக் கேட்பதில் தயக்கம் வேண்டும். சாவு வீட்டிற்கு வெளியே அதனைப் பாடுவது ஆகாது என்று கருதும் பெண்மணிகள் பலர். அவர் மறுத்தால் அத்துடன் விட்டுவிட வேண்டும்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாள், இடம், பாடுபவரின் பெயர், பிறந்த தோட்டம், அப்பாட்டை அவர் யாரிடம் கற்றார் என்பவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பதிய வேண்டும். கோப்பின் பெயர் மாறிப்போகலாம். குரலோடு சேர்ந்த செய்தி மாறாது.

உரிமை குறித்துச் சில சொற்கள்

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடப்பிலுள்ளது. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் உரிமை அவர்தம் வாழ்நாளிலும் அதற்குப்பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். எனவே திரைப்பாடலை வீட்டில் மீண்டும் பாடிப் பதிந்து மகிழ்வது வேறு, அதனை விற்பதும் பொதுவில் வெளியிடுவதும் வேறு. பின்னதற்கு உரியவரின் இசைவு வேண்டும். சொந்தமாக எழுதிய பாட்டாயின், மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் 2012 முதல் நடப்பிலுள்ள தன்விருப்ப அறிவிப்பு முறையின்கீழ் அதனைப் பதிந்துவைக்கலாம். பின்னாளில் வழக்கெழுந்தால் அது சான்றாக உதவும்.

பரம்பரையாக வரும் நாட்டுப்பாடலை யாத்தவர் யார் எனத் தெரியாவிடினும், அதனைப் பாடியவருக்குத் தம் பாட்டின்மீது உரிமை உண்டு. பாட்டியார் பேரனுக்காகப் பாடினார், ஊருக்காகப் பாடவில்லை. இணையத்தில் ஏற்றுமுன் அவரிடம் தெளிவாகக் கேட்டு, அவர் தரும் இசைவையும் அதே பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டாருக்கு மட்டும் என்று அவர் கூறினால் வீட்டோடு இருக்கட்டும்.

பதிந்து முடித்த கோப்பை வேவ் வடிவில் மூலமாக வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு மட்டும் எம்.பி. 3 வடிவில் ஒரு படி எடுக்க வேண்டும். புலனத்தில் அனுப்பினால் போதுமே என்று நினைத்தல் கூடாது. அனுப்பும் வழியில் ஒலி சுருக்கப்பட்டுத் தரம் குறையலாம், கைப்பேசி மாறும்போது காணாமலும் போகலாம். மூலத்தின் மூன்று படிகள் வேண்டும்: ஒன்று கணினியில், ஒன்று பென்டிரைவில், மற்றொன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ. பென்டிரைவை ஆண்டிற்கொருமுறை செருகித் திறந்து பார்த்து, ஐந்தாறு ஆண்டுகளுக்கொருமுறை புதியதிற்கு மாற்றிக்கொள்க.